பக்கவாதத்துக்குப் பின் கழிப்பறை, சாப்பாடு, உடை, குளியல்: வீட்டில் திரும்பக் கற்றுக்கொடுக்கும் வரிசை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அப்பாவுக்குக் காலையில் அரைமணி நேரம் கை கால் பயிற்சி நடக்கும். பிறகு பல் விளக்கிவிடுவது, குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது, ஊட்டிவிடுவது எல்லாம் வீட்டாரே. பாசத்தில் செய்வதுதான். ஆனால் மூளை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைத்தான் மீட்டுக்கொள்கிறது. நாளெல்லாம் மற்றவர் செய்துவிட்டால், ஓரளவு அசையக்கூடிய கையும் பயன்படாமலேயே பழகிவிடும். ஆக்குபேஷனல் தெரபி இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. பிசியோதெரபி பெரும்பாலும் அசைவையும் நடையையும் பார்க்கும். ஆக்குபேஷனல் தெரபி அந்த அசைவைக் கொண்டு சட்டை போடுவதையும் சோறு பிசைவதையும் பார்க்கும்.

இந்த வழிகாட்டி, உடலின் ஒரு பக்கம் பலமிழந்து, உடல்நிலை சீராகி வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு. விபத்தில் தலையில் அடிபட்டவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறது. பலமிழந்ததைப் பாதித்த பக்கம் என்றும் மற்றதை நல்ல பக்கம் என்றும் குறிப்பிடுகிறோம்.

படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். உட்காரத் தெரியாதவருக்குச் சட்டை போடக் கற்றுக்கொடுத்தால் விழாமல் இருக்கவே அவருடைய கவனம் முழுவதும் போய்விடும். சட்டை மனதில் நிற்காது.

1. வீட்டுக்குப் புறப்படுமுன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

டிஸ்சார்ஜ் தாளில் மருந்துகள் இருக்கும். கீழே உள்ளவை பெரும்பாலும் இருக்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

விழுங்கும் திறனைச் சோதித்துவிட்டார்களா? தண்ணீர் கொடுக்கலாமா, கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டுமா? இரத்த அழுத்தம் எந்த அளவைத் தாண்டினால் பயிற்சியை நிறுத்த வேண்டும்? வலிப்பு வந்ததுண்டா? தோள்மூட்டு இறங்கியிருக்கிறதா? பாதித்த பக்கத்தில் தொடு உணர்ச்சி, சூடு குளிர் தெரிகிறதா? பார்வையின் ஒரு பாதி மறைந்திருக்கிறதா?

மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்து அறுவை சிகிச்சை செய்திருந்தால், திரும்ப வைக்கும்வரை அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது. கட்டிலை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் தலைக்கவசம் வேண்டும். அங்கே மூளைக்கும் வெளியுலகுக்கும் நடுவே தோல்தான் இருக்கிறது.

சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் போன்ற இடங்களில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருப்பார். தொலைவில் இருப்பவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். நேரில் ஒருவர் பார்த்துச் சொல்வதற்கு இந்தக் கட்டுரை மாற்று அல்ல.

2. வீட்டில் தயாராக இருக்க வேண்டியவை

கட்டிலில் மெத்தை உறுதியாக இருக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் ஆகாது. நடுவில் குழி விழுவதால் புரளவும் முடியாது, கையை ஊன்றி எழவும் முடியாது. மெத்தையோடு சேர்த்து உயரம் 45 முதல் 50 செ.மீ. வரை இருந்தால் பலருக்குச் சரியாக வரும். உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். இடுப்பு முழங்காலைவிடச் சற்றே உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் கட்டில் கால்களுக்கடியில் மரக்கட்டை வையுங்கள்.

கைப்பிடியுள்ள, கனமான மர நாற்காலி ஒன்று வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி எழும்போது பின்னால் நழுவும். தலையணை ஐந்து, இடுப்பில் கட்டும் அகலமான பெல்ட் ஒன்று, ரப்பர் கால் வைத்த குளியல் நாற்காலி, கமோடு நாற்காலி ஆகியவையும் தேவை. பின்பட்டை உள்ள செருப்பு வாங்குங்கள். ஹவாய் செருப்பைக் கால்விரல்தான் பிடித்து நிறுத்துகிறது. பாதித்த பக்க விரலுக்கு அந்தப் பிடி இருக்காது. செருப்பு கழன்று காலுக்கு அடியில் மாட்டி விழுபவர்கள் நிறையப் பேர்.

தரையில் கிடக்கும் மிதியடி, சுருளும் பாய், ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கழிப்பறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். முடிந்தால் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே விழுந்தவரின் உடல் கதவை அடைத்துக்கொண்டால் யாரும் உள்ளே போக முடியாது.

3. மூன்று நாள் கவனித்து எழுதுங்கள்

உடனே கற்றுக்கொடுக்கத் தொடங்க வேண்டாம். ஒரு நோட்டில் பத்து வேலைகளை எழுதுங்கள்: சாப்பாடு, குளியல், முகம் கழுவி தலை சீவுவது, உடை, மலம், சிறுநீர், கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடை, படி. பார்த்தெல் அளவுகோலில் 100 மதிப்பெண்ணுக்கு அளப்பது இந்தப் பத்தைத்தான்.

ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஐந்தில் ஒன்றைக் குறியுங்கள்: தானே செய்கிறார், பக்கத்தில் ஆள் நின்றால் போதும், வாயால் சொன்னால் செய்கிறார், கைகொடுத்தால் செய்கிறார், முழுதும் நாம்தான்.

கற்றுக்கொடுக்கும்போது ஒரு நிலைதான் நகர்த்த வேண்டும். கைகொடுத்தால் செய்பவரிடம் அடுத்த நாளே "நீங்களே செய்யுங்க" என்றால் தோற்றுப்போவார், மனம் ஒடிந்துவிடும். வாயால் சொன்னால் செய்பவருக்குக் கைகொடுத்தால் பின்னுக்குப் போவார். வீட்டில் ஆளுக்கு ஓர் அளவு உதவி செய்வதே முன்னேற்றம் தடைப்படப் பெரிய காரணம். அக்கா வந்தால் ஊட்டுவார், தம்பி வந்தால் விட்டுவிடுவார். நோட்டைப் பார்த்து எல்லோரும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

4. முதல் நாளிலிருந்தே தோளைக் காப்பாற்றுங்கள்

தோள்மூட்டு ஆழமில்லாத குழி. சுற்றியுள்ள தசைகள்தான் கை எலும்பை அதில் பிடித்து வைத்திருக்கின்றன. அவை தளர்ந்தவுடன் கையின் எடையே எலும்பைக் கீழே இழுக்கும். தோள் நுனிக்குக் கீழே ஒரு விரல் புதையும் பள்ளம் தெரியும். அந்த நிலையில் கையைப் பிடித்து இழுத்தால் வலி தொடங்கும். வலி வந்துவிட்டால் பிறகு எந்தப் பயிற்சிக்கும் கையைக் கொடுக்க மாட்டார்.

ஆகவே கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அக்குளில் கைவிட்டுத் தூக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது முழங்கையிலிருந்து விரல்வரை தலையணை அல்லது மேசை மேல் இருக்கட்டும். மல்லாந்து படுத்தால் தோள்பட்டைக்கும் கைக்கும் அடியில் தலையணை. பாதித்த பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். ஆனால் தோள் உடலுக்கு அடியில் நசுங்காமல் முன்னால் இழுத்து வைக்க வேண்டும்.

கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் சிலிங் நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் போதும். நாள் முழுதும் போட்டால் முழங்கை மடங்கியே இறுகிவிடும்.

சன்னல் கம்பியில் கயிறு போட்டு நல்ல கையால் பாதித்த கையை மேலே இழுக்கும் பயிற்சி பல வீடுகளில் நடக்கிறது. வேண்டாம். தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாமல் கை மட்டும் மேலே போனால் இடையில் உள்ள திசுக்கள் நசுங்கும். தோள் உயரத்துக்கு மேல் தூக்குவதைச் சிகிச்சையாளர் செய்துகாட்டிய பிறகே செய்யுங்கள். இதமாக எண்ணெய் தடவலாம். விரல்களை இழுத்து நெட்டி முறிக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த கையில் வெந்நீர் ஒத்தடம் வைத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

5. படுக்கையிலிருந்து உட்காருவது

முதலில் நல்ல பக்கம் புரளட்டும். நல்ல கையால் பாதித்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை மடக்கி, தலையைத் திருப்பிப் புரள வேண்டும். கால்கள் கட்டில் விளிம்பைத் தாண்டித் தொங்கியதும் நல்ல முழங்கையை ஊன்றி, பிறகு உள்ளங்கையை ஊன்றி எழ வேண்டும். கால்கள் இறங்கும் எடையே உடம்பை மேலே தூக்கும். அதனால்தான் காலை முதலில் இறக்குகிறோம்.

உட்கார்ந்ததும் இரண்டு மூன்று நிமிடம் அப்படியே இருக்கட்டும். நாள்கணக்கில் படுத்திருந்தவருக்கு எழுந்தால் இரத்த அழுத்தம் சட்டென இறங்கும். தலை சுற்றினாலோ முகம் வெளிறினாலோ மறுபடி படுக்க வையுங்கள்.

பிடிமானம் இல்லாமல் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். பக்கவாட்டில் நீட்டும் டம்ளரை நல்ல கையால் எட்டி வாங்கி, விழாமல் நேராக வேண்டும். இந்த இரண்டும் வரும்வரை உடையும் குளியலும் உங்கள் பொறுப்பு.

சிலர் நல்ல கையால் தள்ளிப் பாதித்த பக்கமே சாய்வார்கள். நேராக்கத் தள்ளினால் இன்னும் பலமாக எதிர்ப்பார்கள். தங்கள் உடல் நேராக இருக்கிறது என்றுதான் அவர்களுடைய மூளை சொல்கிறது. அவர்களை நல்ல பக்கம் சுவரை ஒட்டி உட்கார வைத்து, "அந்தச் சுவரைத் தோளால் தொடுங்க" என்று சொல்லுங்கள். தாமாகவே வந்து சேர்வார்கள்.

6. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

நாற்காலியை நல்ல பக்கத்தில், கட்டிலுக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வில் வையுங்கள். சக்கர நாற்காலி என்றால் இரு பிரேக்கும் போட்டு, கால்தாங்கியை மடக்கிவிடுங்கள். பிறகு இந்த ஒழுங்கில்:

முதலில் இடுப்பை நகர்த்திக் கட்டில் விளிம்புக்கு வர வேண்டும். இரு பாதமும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். பாதம் முன்னால் நீட்டியிருந்தால் யாராலும் எழ முடியாது, நீங்களே செய்து பாருங்கள். அடுத்து மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிய வேண்டும். இடுப்பு தானாக எழும். நின்று, நல்ல காலை மையமாக வைத்துச் சிறிய அடிகளாகத் திரும்பி, தொடையின் பின்புறத்தில் நாற்காலி பட்டதும் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக உட்கார வேண்டும்.

உதவுபவர் பாதித்த பக்கத்தில், சற்று முன்னால் நிற்க வேண்டும். அந்த முழங்கால் மடங்காமல் உங்கள் முழங்காலால் முட்டுக்கொடுங்கள். பிடிக்க வேண்டியது இடுப்பு பெல்ட்டை. லுங்கியைப் பிடித்தால் அது கையோடு வந்துவிடும்.

இரண்டு தவறுகள் எல்லா வீட்டிலும் நடக்கின்றன. ஒன்று, அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடுவது. அப்போது அவரால் முன்னால் குனிய முடியாது. முழு எடையும் உங்கள் முதுகில் வரும், இருவருமே விழலாம். மற்றது, திரும்பிக் கட்டிலுக்கு வரும்போது நாற்காலியை அதே இடத்தில் விடுவது. இப்போது கட்டில் அவருடைய பாதித்த பக்கம் இருக்கும். நாற்காலியைத் திருப்பி, கட்டில் மறுபடி நல்ல பக்கம் வரும்படி வையுங்கள்.

7. கழிப்பறை

அவருடைய மானம் இதில் இருக்கிறது; அதனால் அன்றாட வேலைகளில் இதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். டயப்பருக்குப் பழகும் முன், விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை அவர் கேட்காமலே அழைத்துப் போங்கள். பேச்சு போனவர் கேட்க முடியாமல்தான் ஆடையில் போய்விடுகிறார்.

தரைமட்டக் கழிப்பறை என்றால் நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலியை அதன் மேல் வைக்கலாம். இருக்கை 45 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். கைப்பிடிக் கம்பி நல்ல பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து சுமார் 85 முதல் 90 செ.மீ. உயரத்தில் வேண்டும். துண்டு போடும் கம்பியை நம்பாதீர்கள், அது ஆள் எடையைத் தாங்காது. கொத்தனாரை வைத்து, டைல்ஸுக்குப் பின்னால் செங்கல்வரை போல்ட் இறக்குங்கள்.

கழுவுவதற்கு ஹெல்த் ஃபாசெட்டை நல்ல கைக்கு எட்டும் பக்கம் மாற்றுங்கள். இடது பக்கம் பாதித்தவர் சாப்பிடும் கையாலேயே கழுவ வேண்டிவரும். வாய்விட்டுச் சொல்லாமல் இதற்காகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. ஃபாசெட்டின் நீர் வேகத்திலேயே பெரும்பகுதி சுத்தமாகும்படி பழக்கி, சோப்பை எட்டும் இடத்தில் வைத்து, சாப்பாட்டுக்கு ஸ்பூன் கொடுத்தால் அந்த மனக்கூச்சம் குறையும்.

8. சாப்பாடு

விழுங்கும் சோதனையில் தேறியவருக்கு மட்டும். நாற்காலியில் நேராக, மேசை முழங்கை உயரத்தில், பாதித்த கை மேசை மேல் தெரியும்படி இருக்கட்டும். படுக்கையில் சாய்த்து வைத்து ஊட்டுவது புரையேற வைக்கும்.

ஈரத்துணியை விரித்து அதன் மேல் தட்டை வைத்தால் நகராது. விளிம்பு உயர்ந்த தட்டு வேண்டும். ஒரு கையால் அள்ளும்போது சோறு மோதி நிற்க ஒரு சுவர் தேவை. ஸ்பூன் பிடியில் சைக்கிள் கிரிப் மாட்டினாலோ துணி சுற்றினாலோ பிடிப்பு எளிதாகும். டம்ளரைப் பாதியளவே நிரப்புங்கள்.

ரசம், மோர், தண்ணீர் போன்றவை வேகமாக ஓடுவதால் தொண்டை தயாராகுமுன் உள்ளே போய்விடும். கெட்டிக் குழம்பில் பிசைந்த சோறும், குழைந்த பொங்கலும் எளிது. பாதித்த பக்கக் கன்னத்தில் சோறு ஒதுங்கித் தங்கும். சாப்பிட்டு முடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு அரைமணி நேரம் படுக்கக் கூடாது. இருமாமலேயே சிலருக்குப் புரையேறும். குரல் தண்ணீர் கொப்பளிப்பதுபோல் மாறினால் ஊட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதல் கவளங்களைத் தானே எடுக்கட்டும், களைத்த பிறகு நீங்கள் உதவுங்கள். பசியும் தெம்பும் தொடக்கத்தில்தான் இருக்கும்.

வலது கை பாதித்தவர் இடது கையால் சாப்பிடத் தயங்குவார். பீச்சாங்கை என்று வாழ்நாள் முழுதும் கேட்டு வளர்ந்தவர். வீட்டில் பெரியவர் ஒருவர் "இப்போதைக்கு இதுதான் சோத்துக்கை, தயங்காம சாப்பிடுப்பா" என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டால் பாதித் தடை தீரும்.

9. உடை

போடும்போது பாதித்த கை முதலில். கழற்றும்போது பாதித்த கை கடைசியில். விறைத்த கைக்குத் துணியில் தாராளமாக இடம் வேண்டும். நல்ல கை முதலில் நுழைந்துவிட்டால் மிஞ்சும் இடம் போதாது.

கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்து, முன்பக்கம் திறக்கும் தொளதொளப்பான சட்டையோடு தொடங்குங்கள்.

சட்டையை மடியில், உட்புறம் மேலே தெரியும்படி, காலர் வயிற்றுப் பக்கம் வர விரிக்க வேண்டும். பாதித்த பக்கக் கைக்குழாயைத் தொடைகளுக்கு நடுவில் தொங்கவிட வேண்டும். முன்னால் குனிந்தால் பாதித்த கை தானாக நீண்டு குழாயில் இறங்கும். நல்ல கையால் துணியை முழங்கைக்கு மேல், தோள்வரை இழுக்க வேண்டும். தோள்வரை ஏறுமுன் அடுத்த படிக்குப் போவதுதான் இங்கே வழக்கமான தவறு. பாதியில் நின்ற துணி முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். பிறகு காலரைப் பிடித்துக் கழுத்துக்குப் பின்னால் சுற்றி நல்ல பக்கம் கொண்டுவந்து, நல்ல கையை நுழைக்க வேண்டும். பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். கீழே கண்ணால் பார்க்க முடியும், ஒன்று சரியாக விழுந்தால் மற்றவை வரிசை தப்பாது.

கற்றுக்கொடுப்பது கடைசியிலிருந்து. முதல் சில நாள் எல்லாவற்றையும் நீங்கள் செய்து, கடைசிப் பொத்தானை மட்டும் அவருக்கு விடுங்கள். அது வந்ததும் கடைசி இரண்டு. பிறகு நல்ல கையை நுழைப்பது. இப்படிப் பின்னோக்கிப் போகும்போது ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவர் அவராகவே இருப்பார். முதல் படியை அவரும் மீதியை நீங்களும் செய்தால், தொடங்கித் தோற்ற உணர்வுதான் அவருக்கு மிஞ்சும்.

கால்சட்டைக்கு, பாதித்த காலை நல்ல தொடை மேல் தூக்கிப் போட்டு அந்தக் காலை முதலில் நுழைக்க வேண்டும். இரு காலும் நுழைந்து முழங்காலுக்கு மேல் வந்த பிறகே நிற்க வேண்டும். வேட்டியை ஒரு கையால் இறுக்கிக் கட்ட முடியாது. வெல்க்ரோ ஒட்டும் வேட்டியோ எலாஸ்டிக் வைத்துத் தைத்த லுங்கியோ போதும். பெண்களுக்கு முன்பக்க ஜிப் நைட்டி வசதி. ஜிப்பின் முனையில் விரல் நுழையும் நாடா வளையம் கட்டுங்கள். நைட்டியோடு வெளியே வர மறுக்கும் அம்மாக்களுக்கு மடிப்பு வைத்துத் தைத்து, இடுப்பில் கொக்கி மாட்டும் சேலை தையல்காரரிடமே தைக்கலாம். ரவிக்கைக் கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ. "உனக்கு எதுக்கு இப்ப சேலை?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

10. குளியல்

ஈரம், சோப்பு, கல் தரை, உடலில் பிடிக்கத் துணி இல்லை. ஆகையால் மாறுவதும் உடையும் பழகிய பிறகே இது.

வாளியில் ஹீட்டர் ராடு போட்டுச் சுடவைப்பது வழக்கமானால், குளியலறைக்கு வெளியே சுடவைத்து, ராடை எடுத்த பிறகே வாளி உள்ளே வரட்டும். குளிர்ந்த நீரை முதலில் ஊற்றி, வெந்நீரைப் பிறகு கலக்குங்கள். சூட்டை நீங்களோ அவருடைய நல்ல கையோ பார்க்க வேண்டும்.

வாளியைத் தரையில் வைக்காமல், நல்ல பக்கத்தில் ஓர் உறுதியான முக்காலி மேல் வையுங்கள். குனிந்து மொள்ளும்போதுதான் முன்னால் கவிழ்கிறார்கள். சிறிய மக் போதும். சோப்பை வலைப்பையில் போட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் கீழே விழாது. நல்ல கையைத் தேய்க்க இன்னொரு கை இல்லை என்பதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். சோப்பு போட்ட பீர்க்கங்காய் நாரைத் தொடை மேல் விரித்து, அதில் கையை உருட்டித் தேய்க்கலாம். முதுகுக்கு நீள நார்.

எண்ணெய்க் குளியல் வேண்டுமென்றால் தலைக்கு மட்டும், அளவாக. உடம்பெல்லாம் எண்ணெய் தடவியவரைப் பிடிக்கவே முடியாது. முடிந்ததும் உட்கார்ந்தபடியே உடம்பைத் துவட்டி, பாதங்களையும் தரையையும் துடைத்து, செருப்பு மாட்டிய பிறகு எழட்டும்.

11. பாதித்த கையை வேலைக்கு இழுப்பது

ஸ்பாஞ்ச் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வது எங்கும் நடக்கிறது. விரல் மடங்கி இறுகியவருக்கு மூடுவது பிரச்சினை இல்லை, திறப்பதுதான். பந்தை அமுக்கி அமுக்கித் திறக்கும் அசைவு வராது.

அசைவே இல்லாத கைக்கும் வேலை உண்டு. எழுதும்போது தாளை அழுத்திப் பிடிக்க, கட்டில் மேல் ஊன்ற, மடியில் பாத்திரம் தாங்க அந்தக் கை போதும். கண்ணாடிப் பயிற்சியையும் சேர்க்கலாம்: உடலின் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, பாதித்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கை அசைவதன் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டு கையையும் அசைக்க முயல வேண்டும். நாளுக்கு 15 முதல் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள், குறைந்தது நான்கு வாரம். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பிம்பம் தன் கையாகத் தோன்றாது.

கொஞ்சம் அசைவு இருந்தால் வீட்டு வேலைகளைக் கொடுங்கள். டம்ளரைப் பிடித்து நகர்த்தி விடுவது, துணி கிளிப்பை எடுத்து மாட்டுவது, கீரை ஆய்வது, புளியங்கொட்டையைப் பொறுக்கிப் பல்லாங்குழியில் போடுவது, தாயம் உருட்டுவது, மாவு பிசைவது. கோலம் போட்ட கைக்குக் கோலப்பொடி தருவதைவிட நல்ல பயிற்சி அரிது: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அளவறிந்து திறக்க வேண்டும். ஒரே அசைவை இருபது முப்பது முறை, நாளில் பலமுறை. பிடிப்பதைப்போலவே விடுவதையும் எண்ணுங்கள்.

மணிக்கட்டை 20 டிகிரியும் விரல்களை 10 டிகிரியும் தானே நீட்ட முடிந்தால், நல்ல கைக்கு உறை மாட்டிவைத்துப் பாதித்த கையை மட்டும் பயன்படுத்தும் முறை உதவக்கூடும். சிகிச்சையாளர் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். நடக்கும்போதும் குளிக்கும்போதும் உறை கூடாது, விழப்போனால் பிடிக்க அந்தக் கைதான் இருக்கிறது.

12. பலம் இருந்தும் வேலை நடக்காவிட்டால்

அடம், சோம்பல் என்று வீட்டில் பெயர் வைக்கும் பலவற்றுக்கு மூளையில் காரணம் இருக்கும்.

தட்டின் இடது பாதிச் சோறு அப்படியே இருக்கிறதா? மூளையின் வலப்பக்கம் பாதித்தவர்களில் சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் வராது. தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, "சிவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்புங்கம்மா" என்று பழக்குங்கள். பேசும்போது நடுவிலிருந்து தொடங்கி மெல்ல இடப்பக்கம் நகருங்கள். அழைப்பு மணியும் தண்ணீரும் மட்டும் வலப்பக்கமே இருக்கட்டும். அவசரத்துக்கானதில் பயிற்சி வேண்டாம்.

சீப்பைப் பல் விளக்க எடுக்கிறாரா? கையில் பலம் இருந்தும் செயலின் திட்டம் கலைந்திருக்கிறது. வாயால் விளக்கினால் இன்னும் குழம்புவார். உங்கள் கையை அவர் கை மேல் வைத்து அசைவைத் தொடங்கி, ஓடத் தொடங்கியதும் விடுங்கள். தவறவிட்டுத் திருத்துவதைவிட, தவறே நேராமல் நடத்துவது நல்லது.

பேச்சு பாதித்தவரிடம் ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. சொல்லிவிட்டுப் பத்து நொடி காத்திருங்கள். சத்தம் போட்டுப் பேச வேண்டாம், காது கேட்கிறது.

தலையில் அடிபட்டவர்களுக்கு நினைவும் பொறுமையும் முதலில் போகும். டி.வி.யை நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். அன்றைய வேலைகளைப் பலகையில் வரிசையாக எழுதி, முடிந்ததை அவரே கோடிட்டு அடிக்கட்டும். கோபம் ஏறினால் வாதாடாமல் வேலையை மாற்றுங்கள். நடக்கவும் பேசவும் முடிகிறது என்பதற்காகப் பைக் சாவியைக் கொடுக்காதீர்கள். மருத்துவர் சொன்ன பிறகே.

13. நாளைப் பிரிப்பது, நிறுத்த வேண்டிய நேரம்

மூளைக் களைப்பு உடம்புக் களைப்பைப் போன்றதல்ல; தூங்கி எழுந்தவருக்கும் வரும். பெரிய வேலைகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். காலையில் தானே உடுத்தினால் குளியலில் உதவி கூடுதலாகக் கொடுங்கள். இருபது நிமிட வேலை, பிறகு ஓய்வு. களைத்து விழுமுன்பே ஓய்வு.

முகம் கோணுதல், புதிதாகக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல், திடீர்ப் பார்வைக் குறைவு வந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108. இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. தலைக்காயத்துக்குப் பின் கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் வந்தாலும், யாருக்கு வலிப்பு வந்தாலும் உடனே 108. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள், தேய்த்துவிடாதீர்கள். கை வீங்கி, பளபளத்து, தொட்டாலே வலித்தால் அந்த வாரமே. இரண்டு வாரத்துக்கு மேல் பேச்சும் பசியும் தூக்கமும் குறைந்து, "எதுக்கு இருக்கேன்" என்ற சொல் வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு அடிக்கடி வருவது, அதற்கு மருந்து உண்டு.

வேகமான மீட்சி முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் தெரியும். ஆறு மாதம் தாண்டியதும் பயிற்சியை விட்டுவிடுவது பெரிய நஷ்டம், அதற்குப் பிறகும் புதிய வேலைகள் வசப்படுகின்றன. மாதம் ஒருமுறை பத்து வேலைகளின் பக்கத்தை மறுபடி எழுதுங்கள். அவர் சட்டை போடுவதை அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, உதவாமல், ஒரே மூச்சில் போனில் வீடியோ எடுங்கள். அடுத்த சந்திப்புக்கு நோட்டையும் அந்த வீடியோவையும் கொண்டுபோங்கள். "பரவாயில்ல டாக்டர், முன்னேறியிருக்கார்" என்ற பதிலைவிட, எந்த நொடியில் கை நின்றுபோகிறது என்பது அதில் தெரியும். சிகிச்சையாளர் அடுத்த படியை அங்கிருந்துதான் எடுப்பார்.